அடுத்தவர் சதுப்பில் ஒரு பகல்

“அம்மா, சண்டை போட்ட ரெண்டு பேர்ல யார் முதல்ல பேசணும்?”

கிளோடா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. தோளிலிருந்து பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றவில்லை. நூலா உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே, “தப்பு பண்ணவங்க” என்றாள்.

“தப்பு யாரோடதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியலைன்னா?”

“போய்க் கை கழுவிட்டு வா.”

கேட்ட குழந்தை வளர்ந்து ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போய்விட்டாள். கேள்வி மட்டும் முல்லிங்கர் வீட்டுச் சமையலறையிலேயே தங்கிவிட்டது. அவள் கேட்டது வகுப்புத் தோழியைப் பற்றியா, மாலக்கி மாமாவைப் பற்றியா என்று நூலா விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயம்.

அந்த மாலக்கியின் கதவைத் தட்டிவிட்டு நின்ற மூன்று பெண்களைத்தான் போன வாரம் மழையிலேயே விட்டுவிட்டோம். நூலா, கன்செப்டா, பிரீஜ். மூவரும் ஒரே ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்ப்பவர்கள். ஒரு வார லீவு, கன்செப்டாவின் பழைய கார், கடன் வாங்கிய கூடாரம், ஒரு கூடை ரொட்டி, டப்பாவில் அடைத்த பன்றி இறைச்சி. ஹோட்டல் வாசலைக்கூட மிதிப்பதில்லை என்ற சபதத்தோடு மேற்குக் கடற்கரையைப் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். கானமாராவில் கூடாரம் நனைந்தது. ஆக்கில் தீவில் அதைக் காற்று கிழித்தது. அப்போதுதான் பிரீஜ் கேட்டாள்: “உங்க அண்ணன் ஒருத்தர் இந்த எரிஸ் பக்கம்தானேடி இருக்கார்? அவர் வீட்டுக்குக் கூரை இருக்குல்ல?”

இருந்தது. ஒழுகாத கூரைதான்.

கதவு திறந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு மாலக்கி லவெல் நின்றார். தங்கையைப் பார்த்தார். பிறகு பார்வையைக் கன்செப்டாவின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“மழையில நிக்காதீங்கம்மா. அடுப்பு எரியுது. உள்ள வாங்க.”

அந்த ‘வாங்க’வில் தானும் அடக்கமா என்று நூலாவுக்குத் தெரியவில்லை. தோழிகளின் முதுகுக்குப் பின்னால் நுழைந்தாள். வாசற்படிக்கு அருகே சுவரில் புனித நீர்க் கிண்ணம் அதே இடத்தில் இருந்தது. விரலை நனைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். அதில் தண்ணீர் இருந்தது. தனியாக இருக்கும் மனிதர், இடுப்பு ஒடிந்து எழுந்தவர், அதை வற்றவிடாமல் வைத்திருந்தார்.

சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கிலும் முட்டைக்கோஸிலும் ஆவி பறந்தது.

“உங்க தோழிக்கு உப்பு வேணுமான்னு கேளுங்க” என்றார் மாலக்கி, பிரீஜிடம்.

தோழி அவருக்கு எதிர்நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“வேணாமாம்” என்றாள் பிரீஜ், யாரையும் கேட்காமல். “ரத்தக்கொதிப்பு. அண்ணனுக்கு இன்னொரு கிழங்கு வேணுமான்னு அவ கேக்கறா.”

“கேக்கறாளா?”

“கண்ணால கேக்கறா.”

மாலக்கி ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டார்.

பாத்திரம் கழுவும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற நூலாவின் காதில் எல்லாம் விழுந்தது. கன்செப்டாவிடம் யாரும் எதையும் மறைக்க முடியாது. ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு அவள் ‘ம்’ கொட்டினால் பாதிரியாரே தன் பாவத்தைச் சொல்லிவிடுவார். மாலக்கியும் சொன்னார்.

“மார்ச் மாசம் தொழுவத்துல விழுந்தேன். ஆபரேஷன் ஆச்சு. நடக்கலாம், குனிய முடியாது. மாடுகளை வித்துட்டேன். டர்ஃப் மட்டும் வெட்ட ஆள் வெச்சேன். மிஷின்காரன் வெட்டிப் போட்டுட்டான். சதுப்புல கிடக்கு.”

“கட்டிகளை நிமிர்த்தி நிறுத்தலையா?”

“யார் நிறுத்தறது? நாளைக்கு ராத்திரி மழை வருதாம். வந்தா ஒரு வாரம் விடாதாம். ஏற்கெனவே லேட்டா வெட்டினது. இந்தத் தடவை நனைஞ்சா கூழாப் போயிடும்.”

டர்ஃப் என்ற சதுப்பு மண்ணைக் கட்டியாக வெட்டி, வறட்டி காயவைப்பது போலக் காயவைத்து, குளிர்காலம் முழுக்க எரிக்கும் ஊர் அது. ஈரக்கட்டியை அப்படியே தரையில் கிடக்கவிட்டால் காயாது. நாலைந்தை ஒன்றோடொன்று சாய்த்து, சின்னக் கூம்பாக நிறுத்தி, தலையில் ஒன்றை வைக்க வேண்டும். காற்று உள்ளே புகும். மழை வழுக்கிப் போகும். குனிந்து குனிந்து செய்ய வேண்டிய வேலை.

“கட்டி இல்லேன்னா இந்த வீட்டுல நெருப்பு இல்ல. நெருப்பு இல்லாத வீட்டுல என்னை விடமாட்டாங்களாம். டவுன்ல முதியோருக்குன்னு ஒரு அறை காலியா இருக்குன்னு நர்ஸம்மா சொல்லிட்டிருக்காங்க. நாளன்னிக்குக் காலைல பதில் கேட்டு வர்றாங்க.”

“பக்கத்துல யாரும் உதவிக்கு இல்லையா?”

அடுப்பில் ஒரு கட்டி சரிந்து விழுந்தது. மாலக்கி அதைக் கம்பியால் நகர்த்தினார்.

“பக்கத்துல ஒருத்தன்தான் இருக்கான். அவன்கிட்ட கேக்கறதுக்கு டவுனே மேல்.”

மறுநாள் காலை, தேநீர் குடித்து முடிப்பதற்குள் நூலா ரப்பர் காலணிகளை மாட்டிக்கொண்டுவிட்டாள்.

“எங்கடி?” என்றாள் பிரீஜ்.

“சதுப்புக்கு. நீங்க வேணும்னா கடற்கரைக்குப் போங்க.”

“நாங்க கடற்கரையில படுத்து வெயில் காயறதுக்கு வெயில் எங்க இருக்கு? இரு, வர்றோம்.”

கன்செப்டா காலணியைத் தேடிக்கொண்டே கேட்டாள்: “எந்தத் துண்டு நிலம்னு அவர்கிட்ட கேட்டியா?”

“எங்கப்பா வெட்டின இடம் எனக்குத் தெரியாதா? அந்த முள்மரத்துக்குக் கீழதான் நான் சாண்ட்விச் தின்னு வளர்ந்தேன்.”

“இருந்தாலும் ஒரு வார்த்தை...”

“தெரியும்னு சொல்றேன்ல.”

மாலக்கி ஜன்னலருகே நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கே போகிறீர்கள் என்று அவரும் கேட்கவில்லை. கேட்டால் தங்கையிடம் பேசியதாகிவிடும். ஒரு வார்த்தை, அது அவர் வாயிலும் இருந்தது, அவள் வாயிலும் இருந்தது. இரண்டு பேரும் அதை விழுங்கிவிட்டார்கள். மனிதர்கள் பசிக்கு இரை தேடும் சிரமத்தைவிட, பேச வேண்டிய வார்த்தையை விழுங்கும் சிரமமே பெரியது என்று எனக்குப் பல சமயம் தோன்றியிருக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு. அதைத் தாண்டினால் சதுப்பு. மேட்டை ஏறும்போது எதிரே ஒரு சாம்பல் நிற வேன் வந்தது. பிரீஜ் உற்சாகமாகக் கையாட்டினாள். அந்த ஊரில் எதிரே வருபவர் யாராக இருந்தாலும் ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலையாவது தூக்கிக் காட்டுவார். வெளியூர்க்காரனுக்கும், சாமியாருக்கும், வாய்தாவுக்கு வந்த எதிராளிக்கும்கூட ஒரு விரல் உண்டு. இந்த மனிதரின் பத்து விரல்களும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடியே கடந்து போயின.

“கட்டை விரல்கூட அசையலையே!” என்றாள் பிரீஜ். “யாருடி அந்த மகாராஜா?”

“டொமினிக் பாரட். மீன் பண்ணைக்கு வேலைக்குப் போறார். லவெல் ஆளுங்களுக்கு அவர் விரல் தூக்க மாட்டார்.”

“நான் லவெல் இல்லையே.”

“எங்கூட நடந்தா நீயும் லவெல்தான்.”

“என்ன சண்டை?”

“நாய்.” நூலா நடையை எட்டிப் போட்டாள். “எங்க அண்ணன் ஆட்டுக்குட்டிங்களை ஏதோ நாய் கடிச்சுப் போட்டிருக்கு. மறுநாள் விடியக்காலம் டொமினிக்கோட நாய் எங்க வயல்ல நின்னிருக்கு. அண்ணன் சுட்டுட்டார். சட்டப்படி சுடலாம். ஆனா கடிச்சது அந்த நாய்தானான்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. பெரியம்மா மகள் ஃபோன்ல சொன்னா.”

கன்செப்டா சிலுவை போட்டுக்கொண்டாள். “நாய்க்கா போடற?” என்றாள் பிரீஜ். “மூணு பேருக்கும்” என்றாள் கன்செப்டா.

சதுப்பு கண்ணுக்கெட்டிய தூரம் பழுப்பாகக் கிடந்தது. ஆங்காங்கே வெள்ளைப் பஞ்சுத் தலைகள் காற்றில் ஆடின. வேலி இல்லை, கல் இல்லை. வெட்டிப் போட்ட கட்டிகள் வரிசை வரிசையாகக் கறுப்பாகப் படுத்திருந்தன. நூலா நேராக வளைந்த முள்மரத்தை நோக்கி நடந்தாள். அதன் அருகே கறுந்தண்ணீர்க் குளம். குளத்திலிருந்து பாதை வரைக்கும் கட்டிகள்.

“இவ்வளவுமா?” பிரீஜின் குரல் இறங்கிவிட்டது. “உங்க அண்ணன் ஊருக்கே அடுப்பு மூட்டறாரா?”

“குனி.”

குனிந்தார்கள். முதல் மணி நேரம் சிரித்தார்கள். பிரீஜ் நிறுத்திய முதல் கூம்பு, கை எடுத்தவுடன் குடிகாரனைப் போலச் சாய்ந்தது. இரண்டாம் மணி நேரம் பேச்சு குறைந்தது. அதற்குப் பிறகு முதுகு மட்டும்தான் பேசியது. காற்று நின்றபோதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கடிப்பூச்சிகள் எழுந்து காதிலும் மூக்கிலும் புகுந்தன. கையில் ஈரமண் அப்பியிருந்ததால் அடிக்கவும் முடியவில்லை.

ஒட்டினாற்போல் இன்னொரு துண்டு இருந்தது. சின்னது. அதில் ஒரு கட்டிகூட நிமிரவில்லை.

“பாவம், பக்கத்து ஆளு” என்றாள் கன்செப்டா. “இன்னிக்கு ராத்திரி மழைன்னு தெரியாதோ என்னவோ. நம்மளது முடிஞ்சா அவருக்கும் ரெண்டு வரிசை நிறுத்திட்டுப் போலாமா?”

“சோம்பேறியா இருப்பான்” என்றாள் நூலா, நிமிராமல். “முதல்ல நம்மளது முடியட்டும்.”

நடுப்பகலில், வளைகுடாவுக்கு அப்பாலிருந்த கோயிலில் மணி அடித்தது. கன்செப்டா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று மங்கள வார்த்தை ஜெபம் சொன்னாள்.

“நிமிர்ந்து நிக்க ஒரு சாக்கு குடுத்தாரே கடவுள். அவருக்குத் தோத்திரம்” என்று பிரீஜும் எழுந்தாள். அவள் முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. அதைப் பற்றிச் சொல்லவில்லை.

ரொட்டியைப் பிய்த்துத் தின்றபோது நூலா தானாகவே சொன்னாள்.

“அம்மாவை நடுவீட்டுல கிடத்தியிருந்தோம். வீடு நிறைய ஜனம். ஏழு வருஷம் அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டி, எல்லாம் பண்ணது அண்ணன். நான் கிறிஸ்துமஸுக்கு வர்ற விருந்தாளி. அவர் எனக்கு டீ கொண்டுவந்து குடுத்தார். நான் எல்லார் முன்னாடியும் சொன்னேன், ‘டாக்டரைக் கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டிருந்தா அம்மா பிழைச்சிருப்பாங்க’ன்னு.”

வானம்பாடி ஒன்று எங்கோ உயரத்தில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

“அவர் கப்பைக் கீழ வெச்சுட்டு மாடு பார்க்கப் போயிட்டார். அதுக்கப்புறம் எங்கிட்ட பேசல.”

“துக்கத்துல வாய் நம்ம பேச்சைக் கேக்காதுடி” என்றாள் கன்செப்டா மெதுவாக.

“வாய் கேக்காது. ஆனா அவரோட காது கேட்டுடுச்சே” என்றாள் பிரீஜ்.

நூலா மிச்ச ரொட்டியைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்தாள். அவளால் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. கட்டிகளை நிறுத்த முடியும். ஒவ்வொன்றாக.

கடைசிக் கூம்பு நின்றபோது மாலை ஆகிவிட்டது. மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். குளத்திலிருந்து பாதை வரைக்கும் சின்னச் சின்னக் குடிசைகள் முளைத்த ஊர் போலிருந்தது. பக்கத்து ஆளின் துண்டு அப்படியே படுத்துக் கிடந்தது. கன்செப்டா அதைப் பார்த்தாள். பிரீஜின் காலைப் பார்த்தாள். பிரீஜின் தோளைத் தாங்கிக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் முட்டையும் ரொட்டியும் தயாராக இருந்தன. மாலக்கி எப்படித்தான் குனியாமல் அடுப்பை மூட்டினாரோ.

“முடிச்சுட்டோம்!” என்றாள் கன்செப்டா. “ஒரு கட்டி விடல. நாளைக்கு நர்ஸம்மாகிட்ட தைரியமாச் சொல்லுங்க, இந்தக் குளிர்காலம் நான் இங்கதான்னு.”

மாலக்கி கேத்தலைக் கீழே வைத்தார். “நாள் முழுக்கவா ஆச்சு?” என்றார். “சின்னத் துண்டுதானேம்மா. ரெண்டு பேர் இருந்தா மத்தியானத்துக்குள்ள முடியுமே.”

“சின்னத் துண்டா!” என்றாள் பிரீஜ். “என் காலைப் பாருங்க, பூசணிக்காய் மாதிரி ஆயிடுச்சு. குளத்துல ஆரம்பிச்சு ரோடு வரைக்கும் போகுது. சின்னத் துண்டாம்!”

“எந்தக் குளம்?”

“அதான், கறுப்புத் தண்ணி. பக்கத்துல வளைஞ்ச முள்மரம்.”

மாலக்கி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலில் பார்த்ததற்குப் பிறகு முதன்முறையாக அவர் பார்வை நேராக நூலாவின் மேல் விழுந்தது.

“அது டொமினிக்கோடது.”

அறையில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே எரியும் சிவப்பு விளக்கின் மெல்லிய ரீங்காரம் கேட்டது.

“இல்லண்ணா” என்றாள் நூலா. “அப்பா அங்கதான் வெட்டுவார். அந்த மரத்துக்குக் கீழ...”

“அப்பா வெட்டின இடமெல்லாம் தீர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. அவர் போனப்புறம் இடம் மாறிப்போச்சு. மரத்துப் பக்கம் இப்போ டொமினிக்கோடது. நம்மளது அதை ஒட்டி. சின்னதா.”

“ஒண்ணுகூட நிமிராம கிடந்துதே...” என்ற கன்செப்டா, சொல்லும்போதே வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சோம்பேறியா இருப்பான்னு சொன்னாளே!” என்றாள் பிரீஜ்.

“யாரு?”

“உங்க தங்கச்சி. உங்களை.”

மாலக்கியின் தோள்கள் குலுங்கின. நூலா பயந்துபோனாள். பிறகுதான் தெரிந்தது, அவர் சிரிக்கிறார். சத்தமே இல்லாமல் ஆரம்பித்து, மூச்சு வாங்கி, மேசையைத் தட்டி, கண்ணீர் வரச் சிரித்தார். “டொமினிக்குக்கு! மூணு பொம்பளைங்க! ஒரு பகல் பூரா! கூலி இல்லாம!” பிரீஜும் சேர்ந்துகொண்டாள். கன்செப்டாவால் அடக்க முடியவில்லை. இடுப்பில் வலி பிடித்து மாலக்கி ‘ஐயோ’ என்று நிறுத்தும்வரை அந்தச் சமையலறை சிரித்தது. அம்மா இறந்த பிறகு அங்கே யாரும் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள்.

நூலா மட்டும் சிரிக்கவில்லை. காலணியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“இப்போ எங்க?”

“இன்னும் வெளிச்சம் இருக்கு. நான் போறேன்.”

எழுந்தாள். முழங்கால் மடிந்து மறுபடி பெஞ்சில் விழுந்தாள். இன்னொரு தடவை எழப் பார்த்தாள். மேசையைப் பிடித்த உள்ளங்கையிலிருந்து ஈரம் கசிந்தது. கொப்புளங்கள் எல்லாம் உடைந்திருந்தன. பிரீஜின் முழங்கால் கால்சட்டைக்குள் அடங்கவில்லை. கன்செப்டா உட்கார்ந்தபடியே கண் மூடிவிட்டாள். ஜெபமாலை ரொட்டித் தட்டில் கிடந்தது.

“உட்காரு” என்றார் மாலக்கி. “கையைக் காட்டு.”

அலமாரியிலிருந்து பச்சை டப்பா ஒன்றை எடுத்தார். பசுவின் மடி வெடிப்புக்குப் போடும் களிம்பு. மாடுகள் போன பிறகும் அந்த டப்பா மட்டும் இருந்தது. தங்கையின் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு விரலால் தொட்டுத் தொட்டுப் போட்டார். ஏழு வருஷம் நோயாளியைப் பார்த்துக்கொண்ட விரல். வலிக்கவே இல்லை.

“அண்ணா, அன்னிக்கு நான்...”

“இன்னிக்கு வேணாம், நூலா. நாளைக்குப் பேசுவோம். இப்போ பேசினா நீயும் அழுவே, நானும் அழுவேன். களிம்பு கரைஞ்சுடும்.”

தன் பெயரை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலமாயிற்று! நூலா தலையை மட்டும் ஆட்டினாள்.

ரேடியோவில் வானிலை சொன்னார்கள். மேற்கே கடலிலிருந்து மழை. இருட்டுவதற்குள் கரை தொடும். மாலக்கி எழுந்து போய் அதை அணைத்தார்.

“விடு. நர்ஸம்மா வந்தா சரின்னு சொல்லிடறேன். அந்த அறையும் ஒண்ணும் மோசமில்லையாம். ஹீட்டர் இருக்கு. கோயில் கிட்டக்க.” யாரையோ தேற்றுவது போலச் சொன்னார். பிறகு ஜன்னல் திரையை இழுத்து மூடினார். “எல்லாரும் போய்ப் படுங்க. முகத்தைப் பார்த்தா நீங்கதான் இடுப்பு ஒடிஞ்ச மாதிரி இருக்கீங்க.”

படுத்தார்கள். நூலா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நாளைக்குப் பேசலாம் என்ற வார்த்தை ஒரு பக்கம்; நாளைக்கு அண்ணன் இந்த வீட்டை விட்டுக்கொடுக்கப் போகிறார் என்பது இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே நாளைதான். எதற்காக அழுவது என்று முடிவு செய்வதற்குள் தூங்கிப்போனாள்.

அந்த நேரம் மேட்டுக்கு அப்பால் ஒரு சாம்பல் நிற வேன் வந்து நின்றது.

டொமினிக் பாரட் நாளெல்லாம் மீன் கூண்டுகளில் வலை இழுத்துவிட்டு வந்திருந்தார். மழைக்கு முன்னால் இரண்டு வரிசையாவது நிறுத்திவிடலாம் என்று, சாப்பிட்டதும் சாப்பிடாததுமாகக் கிளம்பியிருந்தார். கதவைச் சாத்திவிட்டு நிமிர்ந்தவர், இடம் மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தார்.

அவருடைய கட்டிகள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன.

மரம் அதே மரம். குளம் அதே குளம். ஒரு கூம்பைத் தொட்டுப் பார்த்தார். உறுதியாக இருந்தது. இன்னொன்று கோணலாக நின்றது, வெளியூர்க் கைகள் வைத்தது. ஈரமண்ணில் மூன்று ஜோடிக் காலணிகளின் தடம். காலையில் மேட்டில் பார்த்த மூன்று பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். நடுவில் நடந்தவளின் நெற்றி, பழைய லவெலின் நெற்றி. பிறகு பக்கத்துத் துண்டு படுத்துக் கிடப்பதைப் பார்த்தார். நடந்தது புரிந்துவிட்டது.

முதலில் வந்தது கோபம்தான். உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் கடன்படலாம், லவெல் குடும்பத்துக்கா? யார் கேட்டது இவர்களை? கோணல் கூம்பை உதைத்துத் தள்ளினால்கூடத் தேவலை போலிருந்தது. கால் எழவில்லை. ஈரக்கட்டியின் மேல் ஒரு பெண்ணின் விரல்கள் அப்படியே பதிந்திருந்தன.

குளக்கரையில் உட்கார்ந்தார். அவருக்குக் கையெட்டும் இடத்தில் முன்பெல்லாம் அந்த நாயின் தலை இருக்கும். வேலை முடியும் வரை பேசாமல் படுத்திருக்கும். அந்த மேட்டுக்கு அப்பாலிருந்துதான் அன்று காலை வெடிச் சத்தம் கேட்டது. அதை அவர் மன்னிக்கவில்லை. இப்போதும் மன்னிக்கவில்லை. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில், பிறர் குற்றங்களை மன்னிப்பதாகச் சொல்லும் அந்த ஒரு வரி வரும்போது மட்டும், வருஷக்கணக்காக அவர் உதடுகள் அசைவதில்லை.

ஆனால் ஒரு நாள் வேலை ஒரு நாள் வேலைதான். சதுப்பில் ஒருவன் உனக்குக் குனிந்தால், நீ அவனுக்குக் குனிய வேண்டும். அவன் யாரென்று மண்ணுக்குத் தெரியாது. லவெல் வீட்டுக் கதவுவரை போய் நன்றி சொல்ல அவரால் முடியாது. நாக்கு வராது. கை வரும்.

எழுந்தார். எல்லையைத் தாண்டிப் போய்க் குனிந்தார்.

அந்த மாதத்தில் எரிஸில் சூரியன் போக மனமில்லாமல் போகும். அவ்வளவு வெளிச்சம் போதும், வேலை தெரிந்த கைக்கு. ஐந்தைச் சாய்த்து, தலையில் ஒன்று. ஐந்தைச் சாய்த்து, தலையில் ஒன்று. மேற்கே கடல் சாம்பலாகிக்கொண்டே வந்தது. முதுகு இரண்டு முறை பிடித்துக்கொண்டது. முழங்காலில் நின்று செய்தார். அப்படி நின்றபோது, அந்தப் பக்கம் யாராவது போயிருந்தால், மனிதர் ஜெபம் செய்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். யாரும் போகவில்லை.

கடைசிக் கட்டியைத் தலையில் வைத்தபோது முதல் துளி அவர் புறங்கையில் விழுந்தது. குளத்தில் கையைக் கழுவினார். கறுந்தண்ணீரில் மண் கரைந்ததா இல்லையா என்று தெரியவில்லை. பெருந்துளிகள் சடசடவென்று இறங்கத் தொடங்க, பாதையோரத்தில் இருந்த அவர் காலடித் தடங்கள் ஒவ்வொன்றாக நீர் நிறைந்து, விளிம்பு சரிந்து, மூடிக்கொண்டன.

வேனை மேட்டின் உச்சிவரை கொண்டுபோய், அங்கே எஞ்சினை அணைத்தார். சரிவில் சத்தமில்லாமல் உருளவிட்டார். லவெல் வீட்டின் திரை மூடியிருந்தது. கேட்டைத் தாண்டும்போதும் விளக்குப் போடவில்லை. வளைவு வந்து, வீடு கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் போட்டார்.